நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கு

மகன்,

நீ என்னிடம் விட்டுப்போன கொப்பியை முழுதாகப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் புறப்படக் காரில் சோற்றுப் பானையும் மெத்தை விரிப்பும் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அதை என் கையில் தந்தாய். அப்பா மாடியிலிருந்து உன் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நீ அதை அவருடைய கையிலிருந்து வாங்கிக் காருக்குள் வைத்தாய். பிறகு அவருக்குக் கேட்காத தூரத்துக்கு வந்து, "அம்மா, நீங்கள் மெத்ஸ்தானே படிச்சனீங்கள். இதைச் செக் பண்ணித் தாங்கோ" என்றாய். என்ன இது என்று கேட்டேன். "ஃபுட்போல் பெட்டிங். பயப்பிடாதேங்கோ, இது கேம்ப்ளிங் இல்லை. எனக்கு ஒரு சிஸ்டம் இருக்கு. அப்பாவுக்கு டிசிப்ளின் இல்லை, அதுதான் அவர் எல்லாத்தையும் அழிச்சவர். நான் அப்படியில்லை." நான் "பாக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். கார் போன பிறகும் வாசலில் நின்றேன்.

பார்த்தேன். கைமுதல் நானூறு பவுண். ஒரு பந்தயத்துக்குக் கைமுதலில் நூற்றுக்கு இரண்டு, எட்டுப் பவுணுக்கு மேல் கட்டுவதில்லை. வென்றால் கைமுதல் ஏறும், அடுத்த தொகையும் ஏறும். தோற்றால் இரண்டும் இறங்கும். தோற்றதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டக்கூடாது என்று சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருக்கிறாய். மார்ச் மாதத்திலிருந்து நாற்பத்தொரு பந்தயங்கள், ஒவ்வொன்றுக்கும் திகதி, விலை, மீதி. ஓரிடத்தில் முப்பது பென்ஸ் பிழை, அது கழித்தலில் வந்தது. மற்றதெல்லாம் சரி. இதை நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நீ எழுதியது நல்ல கணக்கு.

ஆனால் கடைசிப் பக்கத்தில், ஒக்டோபர் என்று போட்டு, படிப்பு லோன் காசு ஆயிரத்து இருநூறைக் கைமுதலோடு கூட்டியிருக்கிறாய். பக்கத்தில் 'ஜனவரி வரை தேவையில்லை' என்று எழுதியிருக்கிறாய். ஜனவரியில் அந்தக் காசு உன்னுடைய அறை வாடகை என்பது உனக்கும் தெரியும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எட்டு வருடம் பிந்தி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எனக்குக் கவுன்சிலுக்கு எழுதத் தெரியும், பள்ளிக்கூடத்துக்கு எழுதத் தெரியும். இதை எழுதத் தெரியாது. சனிக்கிழமை வகுப்பில் நீ படித்த தமிழ் போதும் என்று நம்புகிறேன்.

நாங்கள் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தபோது உனக்கு ஐந்து வயது. அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் நின்றார். ஊரில் கணிதப் பட்டம் வாங்கிய நான் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டிகளுக்கு மூடி போட்டேன். அந்த வயதில் நான் எவ்வளவு பயந்தவள் என்று உனக்கு நினைவிருக்காது. காஸ் அடுப்பை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவேன். பஸ் ஸ்டொப் வரை போய்த் திரும்பி வந்து நாலாம் தரமும் பார்ப்பேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் மணிக்கொரு தரம் அளந்து கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். ஏறுகிறதா இறங்குகிறதா என்று எண்ணில் தெரிந்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். எண்தான் எனக்குக் கிடைத்த ஒரே மருந்து.

அப்பா குதிரைக்குக் கட்டுகிறார் என்பதை அவருடைய ஜக்கெட்டைத் துவைக்கப் போட்டபோது கண்டுபிடித்தேன். பையில் கசங்கிய பந்தய ஸ்லிப்புகள் பதினொன்று. ஒன்றில் இரண்டு பவுண், ஒன்றில் பதினைந்து, இன்னொன்றில் முப்பது. அழுதேன், சண்டை பிடித்தேன், உன்னைத் தூக்கிக்கொண்டு குட்மேய்ஸில் இருந்த என் பெரியண்ணை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் சாப்பாடு சமைத்து வைத்திருந்தார். "விட ஏலாது எண்டு சொல்லேல்லை. வேலை முடிஞ்சு வரேக்க அந்தப் பந்தயக் கடைக்குள்ள அரை மணித்தியாலம் நிக்கிறன். அங்க ஒருத்தரும் என்னை எங்கயிருந்து வந்தனீ எண்டு கேக்கிறேல்லை" என்றார். அந்த இடத்தில் நான் ஒரு நல்ல மனைவியைப் போல விடச் சொல்லியிருக்கலாம். அல்லது அவரோடு இருந்து வேறு ஏதாவது பேசியிருக்கலாம். நான் ஒரு கொப்பியை எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, ஒரு நாள் ரெண்டு பவுண், ஒரு நாள் முப்பது பவுண். இது என்ன கணக்கு?" என்று கேட்டேன். "மனசு சொல்லுற கணக்கு" என்றார். "மனசுக்குக் கூட்டல் தெரியாது. இருநூறு பவுணை ஒதுக்கி வைப்பம். அது போனால் போகட்டும். அதில நூற்றுக்கு ரெண்டுக்கு மேல ஒரு குதிரைக்கும் கட்டக்கூடாது." அவர் சிரித்தார். "அப்ப நாலு பவுணோ? குதிரைக்கே வெக்கமாப் போகும்." ஆனால் ஒப்புக்கொண்டார். ஓம் மகன். நீ எழுதியிருக்கிற சிஸ்டம், சிவப்பு மைக் கோடு உட்பட, நான் அந்த வருடம் எழுதியது. ஒழுங்கு இல்லாத மனிதர் என்று நீ நினைக்கிற உன் அப்பா, இரண்டு வருடமாக ஒரு நாளும் நான் சொன்ன தொகைக்கு மேல் ஒரு பென்ஸ்கூடக் கட்டவில்லை.

குதிரையை அவர் தெரிவு செய்வார், தொகையை நான் சொல்வேன். வேலைத்தலத்திலிருந்து ஃபோன் எடுத்து, "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். நான் கொப்பியைத் திறந்து, கடை பிடிக்கும் பத்து வீத வரியையும் சேர்த்து, "நாலு பவுண் எண்பது" என்பேன். முதல் வருட முடிவில் இருநூறு, முந்நூறு ஆகியிருந்தது. அது அதிர்ஷ்டம் என்று இன்று தெரிகிறது. அன்று அது என்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடத்தில் என்னிடம் ஒரு கணக்கைக் கேட்டவர் உன் அப்பா ஒருவர்தான். அந்த ஃபோன் வருவதற்காக நான் காத்திருந்தேன்.

இனி சுகந்தன் மாமா. உனக்கு அவரைப் படத்தில்தான் தெரியும். என் தம்பி. தொண்ணூற்றைந்தில் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியபோது அவன் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வந்து நின்றான். அவனை நாட்டுக்கு வெளியே எடுக்க ஒரு ஏஜென்சிக்காரர் மூவாயிரத்து நானூறு பவுண் கேட்டார். நாங்கள் அப்போது ஒரு சீட்டில் இருந்தோம். இருபது குடும்பம், ஆளுக்கு மாதம் இருநூறு பவுண். மாதாமாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். முந்தி எடுக்க வேண்டுமென்றால் கழிவு கூறி எடுக்க வேண்டும். மூன்றாம் மாதமே அறுநூறு பவுணைக் கழிவாக விட்டுக்கொடுத்து நான் அதை எடுத்தேன். கையில் சரியாக மூவாயிரத்து நானூறு. அன்றைக்கே ஏஜென்சிக்காரர் ஃபோனில் சொன்னார்: "பாதை இப்ப சரியில்லை அக்கா. மூண்டு மாதம் பொறுங்கோ. நான் சொல்லேக்க காசு ரெடியா இருக்க வேணும்."

சீட்டுக் காசில் ஒரு மயக்கம் இருக்கிறது. பாதிக்கு மேல் இன்னும் நீ கட்டாத காசு, ஆனால் கையில் வந்தவுடன் மொத்தமும் உன்னுடையதாகத் தெரியும். மூன்று மாதம் அலுமாரியில் சும்மா கிடக்கப்போகிறது என்று நான்தான் சொன்னேன். கொப்பியில் முந்நூறோடு மூவாயிரத்து நானூறைக் கூட்டி, மூவாயிரத்து எழுநூறு என்று எழுதினேன். நூற்றுக்கு இரண்டு, எழுபத்து நாலு பவுண். அப்பா அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, "இஞ்சாரும், இது தம்பியின்ர காசு" என்றார். நான் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "நூற்றுக்கு ரெண்டு கட்டிற வரைக்கும் முதல் ஒருநாளும் அழியாது. கணக்கு அப்பிடி."

அது உண்மை. மீதியில் இரண்டு வீதத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு போனால் மீதி ஒருநாளும் பூச்சியத்தைத் தொடாது. பல்கலைக்கழகத்தில் நீ இதை நிறுவியும் காட்டுவாய். ஆனால் என் தம்பிக்குப் பூச்சியமாகாத ஒரு தொகை தேவைப்படவில்லை. ஒரு குறித்த நாளில், குறையாத மூவாயிரத்து நானூறு தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் நாள் என்று ஒன்று இல்லை. மெதுவாகத் தோற்பது எப்படி என்று அது சொல்லும், எப்போது வேண்டும் என்று கேட்காது. மூன்று மாதமும் விதியை மீறாமல், ஒரு தடவைகூட இரட்டிப்பாக்காமல், அழகாக எழுதி எழுதித் தோற்றோம். கடைக்காரனுடைய இலாபமும் வரியும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தன. ஏஜென்சிக்காரர் "பத்து நாளில காசு" என்று சொன்ன அன்று கொப்பியில் இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது நின்றது.

எழுநூற்றைம்பது குறை. அன்றைக்கே நான் எழும்பிப் போய்ப் பெரியண்ணையிடம் கேட்டிருந்தால் தந்திருப்பார். ஏன் குறைகிறது என்று கேட்டிருப்பார், திட்டியிருப்பார், தந்திருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் மறுபடியும் கொப்பியை எடுத்தேன். நூற்றுக்குப் பத்து கட்டினால் இருநூற்று அறுபத்தைந்து. மூன்றுக்கு ஒன்று விலையில், அதாவது ஒரு பவுணுக்கு மூன்று பவுண் இலாபத்தில், ஒரு குதிரை வென்றால் எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து; கட்டிய தொகையின் வரி போக எழுநூற்று அறுபத்தெட்டு. பள்ளம் நிரம்பும். பிந்தி வென்றால்கூடக் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம். ஐந்து தடவையில் ஒரு தடவையாவது வெல்ல முக்கால்வாசி வாய்ப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டை வெட்டிப் பத்து என்று எழுதினேன். அப்பா, "வேண்டாம், அண்ணையிட்டக் கேப்பம்" என்றார். "நீங்கள் குதிரையைப் பாருங்கோ. கணக்கு என்ர வேலை" என்றேன். அந்தக் குரலில் நான் அவரோடு அதற்கு முன்பு பேசியதில்லை.

ஐந்தும் தோற்றன. வரியும் போக ஆயிரத்து நானூற்று எண்பது மிஞ்சியது. முக்கால்வாசி என்று நான் கண்டது சரியான விடைதான். மிச்சக் கால்வாசி என் தம்பி.

மீதிக் காசைப் பத்து வீட்டு வாசலில் கேட்டுத் திரட்ட ஏழு கிழமை ஆனது. அதற்குள் ஏஜென்சிக்காரர் அவனுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்து அந்தக் கூட்டத்தை அனுப்பிவிட்டார். சுகந்தன் லொட்ஜுக்குக் கீழே இருந்த கடையிலிருந்து ஃபோன் எடுப்பான். "அக்கா, காசு வெளிக்கிட்டுதோ?" என்பான். "வாற கிழமை ராசா" என்பேன். ஒரு தடவை, "நீங்கள் கரைச்சல்படாதேங்கோ. இஞ்ச நானும் இன்னும் ரெண்டு பெடியளும் ஒரு பாணை மூண்டாப் பிரிக்கிறம். பெரிய துண்டு எனக்குத்தான், நான்தானே வயசுக்கு மூத்தவன்" என்று சிரித்தான். ஆறாவது கிழமை ஆமியும் பொலிஸும் லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். அடுத்த கிழமை அந்தப் பெடியன்களில் ஒருவன் எடுத்த ஃபோன்தான் எங்களுக்குக் கிடைத்த கடைசிச் செய்தி. மூன்று பேரையும் வண்டியில் ஏற்றினார்கள், இரண்டு பேரை விட்டார்கள். நாங்கள் எழுதாத கடிதம் இல்லை, கேட்காத இடம் இல்லை. இன்றுவரை பிணமும் இல்லை, ஆளும் இல்லை.

நாங்கள் கேட்ட வாசல்களில் ஒன்றிலிருந்து கதை குட்மேய்ஸுக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். பெரியண்ணை வந்தார். நீ மாடிப்படியில் இருந்தாய், பதினொரு வயது. "என்ர தம்பியைக் குதிரைக்குக் கட்டித் திண்டனியோடா?" என்று கத்தினார். அப்பா, "ஓம் அண்ணை. நான்தான்" என்றார். "வெக்கமில்லையோ உனக்கு? இவள் படிச்சவள், இவளுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே!" அப்பா தலையை நிமிர்த்தவில்லை. நான் குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கழுவ ஒரு பாத்திரமும் இருக்கவில்லை. அடுத்த அறைக்கு நடந்து வர எனக்கு ஆறு அடி. நான் வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, எட்டு வருடமாக வரவில்லை. மிச்சச் சீட்டுக் காசுக்காக அப்பா இரட்டை ஷிப்ட் செய்ததைப் பார்த்தேன். நீ அவரோடு பந்து விளையாடப் போகாமல் விட்டதைப் பார்த்தேன். அவர் கேட்டால் நீ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதைப் பார்த்தேன். நீ அவரைப் போல வராமலிருக்க அது உதவும் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார், நீ என்னைப் போல வந்திருக்கிறாய்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீ கேட்பாயோ தெரியாது. எவ்வளவு கட்டுவது என்ற கணக்கு, கட்டினால் வெல்வோமா என்ற கேள்விக்கு ஒருநாளும் பதில் சொல்லாது. உன் நாற்பத்தொரு பந்தயத்தில் நீ பதினெட்டுப் பவுண் மேலே நிற்கிறாய். அதை நான் பிரித்துப் பார்த்தேன். ஏப்ரலில் வென்ற ஒரே ஒரு பந்தயத்தை எடுத்துவிட்டால் நீ கீழே நிற்கிறாய். கைமுதல் என்பது போனால் யாருடைய முகத்திலும் விழிக்கக் கூசாத காசு. நாள் குறித்த காசு கைமுதல் இல்லை. வாடகையோ, சீட்டோ, ஒருவருடைய பயணமோ, அது அந்த நாள் வரை உன்னிடம் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கூட்டிவிட்டாயென்றால் இரண்டு வீதம் என்ற ஒழுங்கு முழுவதும் பொய்யில் நிற்கும். ஒழுங்காகச் செய்கிறோம் என்ற எண்ணமே பிழையைப் பார்க்கவிடாது. ஒழுங்கில்லாமல் முப்பது பவுண் கட்டிய காலத்தில் அப்பா வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டார். நான் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகு எங்கள் இருவருக்கும் வெட்கம் போய்விட்டது. இரண்டைப் பத்தாக்குகிற ஒரு நாள் உனக்கும் வரும். அன்றைக்கும் கணக்கு உன் பக்கம்தான் பேசும். அந்த நேரம் கொப்பியைத் திறக்காமல், திட்டக்கூடிய ஒருவருக்கு ஃபோன் எடு.

லோன் காசைத் தொடாதே. நானூறையும் விட்டுவிடு என்று கெஞ்சத்தான் ஆசை. ஆனால் உனக்குப் பத்தொன்பது வயது. கெஞ்சினால் என்னிடம் மறைப்பாய். மறைக்காமல் இருப்பது எனக்கு நானூறை விடப் பெரிது.

இதை எழுதி முடித்து இன்று காலை அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரவு வேலையால் வந்து சட்டையும் மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தார். கடிதத்தில் பெரியண்ணை வந்த இடத்தில் நிறுத்தி, தாளை மேசையில் வைத்தார்.

"இந்தப் பத்து வீதக் கதையை வெட்டும்" என்றார்.

"ஏன்? நான்தானே சொன்னனான்."

"ஓம், சொன்னனீர். கடைக்குள்ள நடந்து போன கால் என்ர. ரெண்டு பேரும் பிழை எண்டு எழுதும், காணும்."

"நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "இஞ்சாரும், என்னோட அவன் கதைக்கிறேல்லை. அது எனக்குப் பழகிப் போச்சு. உம்மையும் வெறுத்தானெண்டால், லீவுக்கு அவன் ஆரிட்ட வருவான்?"

நீ வராமல் விடலாம். நான் கேட்டிருக்கிற எதையும் செய்யாமல் விடலாம். அவர் சொன்னது நடக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டுதான் உறையை ஒட்டப் போகிறேன். பத்து வீதத்தை வெட்டவில்லை.

அம்மா